நாத்தக்குளத்துக்கு நீலம்

ராயப்பராஜுக்கு அன்னத்தைக் கண்டாலே குமட்டும். உயிரோடு இருக்கும் அன்னத்தை அவன் பார்த்ததில்லை. திண்டுக்கல்லில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் கையைத் தூக்கலாம். அவனைக் குமட்டவைத்தது கம்ப்யூட்டருக்குள் இருந்த அன்னம். கழுத்தைக் கொக்கி மாதிரி வளைத்துக்கொண்டு, கண்ணை அரைவாசி மூடிக்கொண்டு, கூப்பிட்ட இடத்தில் எல்லாம் வந்து உட்காரும். கல்யாணப் பத்திரிகையில் ஜோடியாக வரும். பால் டிப்போ திறப்பு விழாவுக்கு ஒற்றையாக வரும். ஒரு தடவை கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலேயே வந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "அப்பாவுக்கு வெள்ளை மனசு" என்றார்கள்.

வாஜித் பாயின் அச்சகம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்தது. முன்பக்கம் பத்திரிகை மாடல்கள், பின்பக்கம் ஃப்ளெக்ஸ் மெஷின், நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்புக்குள் கம்ப்யூட்டரும் ஏசியும். ஏசி கம்ப்யூட்டருக்காகப் போட்டது. டிசைனர் ராயப்பராஜ் அதில் ஓசியில் ஒண்டிக்கொண்டிருந்தான்.

அவன் கைக்கு வந்த வித்தை ரூட் மேப். மண்டபத்துக்கு வழி, ஆஸ்பத்திரிக்கு வழி, மனைக்கு வழி. ரோடு போடுவது சுலபம். ஒரு கோட்டை இழுத்துத் தடிமனாக்கிக் கறுப்படிக்க வேண்டும். அதே கோட்டை அதன் தலைமேலேயே நகலெடுத்து, கொஞ்சம் இளைக்கவைத்துச் சாம்பலடிக்க வேண்டும். அதற்கும் மேலே நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோட்டை விட்டு விட்டு ஓடவிட வேண்டும். கறுப்பு எல்லாம் கீழ் லேயர், சாம்பல் எல்லாம் மேல் லேயர் என்று பிரித்துவிட்டால் முச்சந்தி, நாற்சந்தி எல்லாம் தானாகத் திறந்துகொள்ளும். டீ ஆறுகிற நேரத்தில் வேலை முடிந்துவிடும். வெளியே அதே ரோட்டைப் போட்டு முடிக்க இரண்டு தேர்தலாவது வேண்டும்.

அருவருப்பு அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கும். "ரயில்வே கேட்டத் தூக்கிரு தம்பி, மங்களமா இல்ல" என்பார் ஒருவர். "சுடுகாடு வேணாம், அதுக்குப் பதிலா பார்க்குன்னு போட்டுருங்க, எப்படியும் பச்சையாத்தான் இருக்கு" என்பார் இன்னொருவர். ஒரு மண்டபத்துக்காரர் மலைக்கோட்டையைத் தன் மண்டபத்துக்குப் பக்கத்தில் நகர்த்தச் சொன்னார். நகர்த்தினான். கட்டியவர்களுக்கு எத்தனை வருஷம் ஆனதோ, அவனுக்கு ஒரு மௌஸ் இழுப்பு.

"மேப்புங்கறது வழி காட்டுறதுக்கு இல்ல ராயப்பா" என்பார் வாஜித் பாய். "வழிக்குப் போன் இருக்கு. மேப்பு ஆசை காட்டுறதுக்கு."

ராயப்பராஜ் இதற்கு ஒரு பரிகாரம் வைத்திருந்தான். எந்த மேப்பாக இருந்தாலும் முதலில் உள்ளதை உள்ளபடி வரைவான். அதைத் தனி லேயரில் போட்டு மறைத்துவிட்டு, அதற்குப் பிறகே கேட்ட பொய்யை வரைவான். யாரிடமும் சொன்னதில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவுகிற மாதிரி அது அவனுக்கு.

லேயரை மறைப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஒவ்வொரு லேயருக்கும் பக்கத்தில் ஒரு கண் படம் இருக்கும், ஒரு பிரிண்டர் படம் இருக்கும். கண்ணை மூடினால் திரையில் மறையும், அவ்வளவுதான். பிரிண்டரையும் அணைத்தால்தான் அச்சில் மறையும். ராயப்பராஜுக்கு முன்னால் வேலை பார்த்தவன் ஒரு கல்யாண ஃப்ளெக்ஸில், மாப்பிள்ளை போட்டோ வருகிற வரைக்கும் அந்த இடத்தில் ஒரு கழுதைப் படத்தை வைத்திருந்தான். போட்டோ வந்ததும் கழுதையின் கண்ணை மூடினான், பிரிண்டரை மறந்தான். திரையில் மாப்பிள்ளை, மண்டப வாசலில் கழுதை. மாப்பிள்ளை வீட்டார் வந்து வாஜித் பாயை மணவறைக்குத் தூக்கிக்கொண்டு போகாத குறை. அன்றிலிருந்து அந்த அச்சகத்தில் இப்படி ஒரு தப்பு நடந்தால் 'கழுதை விழுந்துருச்சு' என்பார்கள். ராயப்பராஜ் சேர்ந்த நாளிலிருந்து ஒரு கழுதையும் விழுந்ததில்லை.

மலைச்சாமி வந்தது அவனுடைய கல்யாண ஒப்பந்தம் முடிந்த வாரத்தில். பெண் அன்புக்கரசி, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஆபீசில் வேலை. கோயிலில் முதல் ஓலை வாசிக்க வேண்டியதுதான் பாக்கி. மூன்று ஞாயிறு, மூன்று ஓலை. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சாமியார் பூசையில் அறிவிப்பார். ஊரே தடை எதுவும் தெரியாத முகத்தோடு உட்கார்ந்திருக்கும்.

மலைச்சாமி நேற்று வரைக்கும் தக்காளி வியாபாரம். இன்றைக்கு ரியல் எஸ்டேட். வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி, வெள்ளை கார், அதற்கு மேல் ஒரு தகுதி தேவையில்லை.

"நத்தம் ரோடு தம்பி. சாணார்பட்டிக்கு முன்னாடி உள்ள பிரியுது. லேக் வியூ அவென்யூ. பேரே எப்படி இருக்கு?"

"லேக் எங்கண்ணே இருக்கு?"

"நாச்சியார் குளம் தெரியாது?"

ராயப்பராஜுக்குத் தெரியும். நாச்சியார் குளம் ஊர்க்காரர்கள் வாயில் நாச்சாக்குளம் ஆகி, வருஷக்கணக்காக அதில் நடப்பதைப் பார்த்த பிறகு நாத்தக்குளம் ஆகிவிட்டது. பெயரைக் கெடுத்ததற்காக யாரும் வருத்தப்படவில்லை. இடத்துக்கும் பெயருக்கும் அவ்வளவு பொருத்தம் அமைவது அபூர்வம்.

"நாத்தக்குளமாண்ணே?"

"அது நம்மளுக்குள்ள. மேப்புல லேக்குன்னு போடு. நல்லா நீலமா. ஓரத்துல ரெண்டு தென்னை. நடுவுல ஒரு வாத்து."

"வாத்தா?"

மலைச்சாமி யோசித்தார். "வாத்து வேணாம், கறிக்கடை ஞாபகம் வந்துரும். அன்னம் போடு."

ராயப்பராஜ் எச்சிலை விழுங்கினான்.

மறுநாள் காலையில் இடத்தைப் பார்க்கப் போனான். பைக்கை மண்பாதையில் திருப்பியதுமே மூக்கு கண்டுபிடித்துவிட்டது, கண்ணுக்கு வேலை பிறகுதான். ஊரில் உள்ள கோழிக்கடைக் கழிவெல்லாம் மூட்டை கட்டி அங்கே வந்து சேர்ந்திருந்தது. மூட்டைகள் வெயிலில் உப்பி, சில வெடித்து, இறகும் குடலும் கரையோரம் தோரணம் கட்டியிருந்தன. ஒரு வாய்க்கால் எங்கிருந்தோ வந்து சோப்பு நுரையைக் குளத்தில் தள்ளிக்கொண்டிருந்தது. தண்ணீர் என்று சொல்ல மனசு வராத ஒன்று பழுப்புக்கும் பச்சைக்கும் நடுவில் பாசாங்காகப் படுத்திருந்தது. காக்காய்கள் பறக்க முடியாத அளவுக்குக் கொழுத்து, தத்தித் தத்தி நடந்தன. ஒரு நாய் எதையோ கவ்வியது, முகர்ந்து பார்த்தது, கீழே போட்டுவிட்டுப் போனது. நாயே வேண்டாம் என்றதை ராயப்பராஜ் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவன் வாயைப் பொத்திக்கொண்டு போட்டோ எடுத்தான்.

திரும்பி வந்து உள்ளதை வரைந்தான். குளத்துக்குப் போட்டோவிலிருந்தே நிறம் எடுத்தான். வாய்க்காலை அது வளைகிறபடியே வளைத்தான். அம்புக்குறி போட்டு, 'கோழிக் கழிவு கொட்டும் இடம்' என்று எழுதினான். இன்னொரு அம்பு போட்டு, 'காற்று இந்தப் பக்கம்' என்று எழுதினான். அம்பு நேராக மனைகளின் நெஞ்சுக்குள் போனது. குளத்தின் நடுவில் 'நாத்தக்குளம்'. லேயருக்குப் பெயர் 'நாத்தம்'. கண்ணை மூடினான், பிரிண்டரை அணைத்தான். அதற்குப் பிறகு அந்த லேயருக்கு அடியில் நீலத்தைத் திறந்துவிட்டான். அன்னத்தைக் கூப்பிட்டான். அது ஓடி வந்து உட்கார்ந்தது.

"மாஷா அல்லா" என்றார் வாஜித் பாய். "நானே ஒரு மனை வாங்கலாம் போல."

"வாங்குங்க பாய்."

"எனக்கெதுக்கு? நான் அந்தப் பக்கம் போயிருக்கேன்."

நோட்டீஸ் ஊர் முழுக்கப் போனது. டீக்கடை, பள்ளிக்கூட வாசல், செய்தித்தாளின் மடிப்பு, எங்கு பார்த்தாலும் அன்னம். பூ மார்க்கெட்டில் இஞ்ஞாசியம்மாள் கடைக்கும் ஒன்று போனது. இஞ்ஞாசியம்மாள்தான் அன்புக்கரசியின் அம்மா. புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக மல்லிகையும் கனகாம்பரமும் விற்று மகளைப் படிக்கவைத்தவள். அவளோடு பேரம் பேசுவதை மார்க்கெட்டில் யாரும் பொழுதுபோக்காக வைத்துக்கொள்வதில்லை.

முதல் ஓலை வாசித்த அன்று போன் வந்தது.

"மாப்ள, அந்த நோட்டீசு மேப்பு நீங்க போட்டதாமே? வாஜித் பாயி சொன்னாரு."

"ஆமா அத்தை."

"அன்னம் போட்டிருக்கீகளே, அப்படியே உயிரோட நிக்குது. நான் போய்ப் பாத்துட்டு வந்துட்டேன்."

"எங்க போய்?"

"எடத்தத்தான். வேன் வச்சுக் கூட்டிட்டுப் போறாக. எலுமிச்சம்பழ ஜூசு, ஆளுக்கு ஒரு மாஸ்க்கு, சென்ட் எல்லாம் அடிச்சு. இந்தக் காலத்துல யாரு மாப்ள இம்புட்டு அக்கறையாப் பாக்குறா? அன்பு பேருக்கு மூலை மனைய முடிச்சிடலாம்னு இருக்கேன். கல்யாணம் ஆனதும் வீட்டக் கட்டிக் குடியேறிருங்க. எறங்கினா குளம், ஏறினா ரோடு. மூணாவது ஓலைக்கு முன்னாடி பத்திரம் போட்டுரணும்."

ராயப்பராஜ் திரையைப் பார்த்தான். அன்னம் அரைக்கண்ணால் அவனைப் பார்த்தது. மூலை மனை எது என்று அவனுக்குத் தெரியும். 'காற்று இந்தப் பக்கம்' என்ற அம்பின் முனை குத்தி நிற்கிற மனை.

அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போனான். இனி காலத்துக்கும் அந்தக் குளத்தின் மூச்சை அவன் மூச்சாக விட வேண்டும் என்றால், பேசுவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடையாது.

"சாப்பிட்டுப் பேசலாம் மாப்ள" என்று இஞ்ஞாசியம்மாள் இட்லியை வைத்துத் தேங்காய்ச் சட்னியை ஊற்றினாள். இலையிலிருந்து ஒரு வாடை எழும்பியது. சட்னி ஊசிப்போய் இருந்தது. சாதாரணமாக இல்லை, தீர்மானமாக ஊசிப்போய் இருந்தது. ராயப்பராஜ் ஒரு விள்ளலை வாயில் வைத்தான். நாக்கு பின்னால் ஒதுங்கிக்கொண்டது.

"வெஞ்சனம் பத்தலையா?" இன்னொரு கரண்டி விழுந்தது.

"போதும் அத்தை. நீங்க சாப்பிடலையா?"

"இப்பத்தான் சாப்ட்டேன், இதேதான். காலைல அரைச்சது, வெயிலுக்கு என்ன ஆகப்போகுது."

அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. வருங்கால மாமியார் கையால் விழுந்ததை மாப்பிள்ளை ஒதுக்கக் கூடாது என்பதால் மூச்சை அடக்கி மிச்சத்தை உள்ளே அனுப்பினான். பிறகு விஷயத்தை எடுத்தான்.

"அத்தை, அந்த எடத்துல ரொம்ப நாத்தம் அடிக்கும்."

"நாத்தமா? நான் மாஸ்க்கக் கழட்டிட்டு கரையிலயே நின்னேனே மாப்ள. ஒரு வாடையும் இல்ல."

"குளத்துத் தண்ணி கூட..."

"கலங்கலா இருந்துச்சு, இப்பத்தான் மழை பெஞ்சிருக்கு. நீங்க போட்ட மேப்புல எப்படித் தெளிவா இருக்கு." அவள் நோட்டீசை எடுத்து மடிப்பைத் தடவினாள். மாதா படத்துக்குப் பக்கத்தில் சொருகி வைத்திருந்தாள். "மார்க்கெட்ல சிவனம்மா கேக்குறா, எல்லாம் பொய்யா இருக்கும்டின்னு. நான் சொல்லிட்டேன், எம் மாப்ள வரைஞ்சது, பொய்யாப் போடுவாரான்னு."

பொய் சொல்ல மாட்டான் என்று நம்புகிற ஒருத்தியிடம், பொய்தான் சொன்னேன் என்று சொல்லும் வார்த்தை ராயப்பராஜின் வயிற்றுக்குள் சட்னியோடு சேர்ந்து புரண்டது. இரண்டும் மேலே வரவில்லை.

தெருமுனைக்கு வந்து அன்புக்கரசிக்குப் போன் போட்டான்.

"சட்னி ஊத்துனாங்களா?" என்றாள் எடுத்ததுமே.

"எப்படித் தெரியும்?"

"குரல்லயே தெரியுது. அம்மாவுக்குக் கொரோனால மூக்கு போச்சு. வாடையும் இல்ல, ருசியும் இல்ல. பூவெல்லாம் கையால அமுக்கிப் பாத்துத்தான் விக்குது. வெளிய சொல்லிறாதீங்க. மோந்து பாக்கத் தெரியாத பூக்காரின்னு மார்க்கெட்ல தெரிஞ்சா, அன்னைக்கோட கடையப் பூட்ட வேண்டியதுதான்."

"அப்ப அந்த மனை?"

"நீங்க வரைஞ்சதுதானே? நீங்களே சொல்லுங்க, பொய்யா வரைஞ்சேன்னு."

"சொன்னா பாய் என்னைய வேலைக்கு வச்சிருப்பாரா? கஸ்டமர் சமாச்சாரம்."

"சரிங்க டிசைனர் சார். அப்ப குளத்தோரமே குடும்பம் நடத்துவோம். சாயங்காலம் கைய கோத்துட்டு அன்னம் பாக்கலாம்."

அடுத்த வாரம் மலைச்சாமி மறுபடியும் வந்தார். ஞாயிற்றுக்கிழமை இடத்தில் பூமி பூஜை. மேடைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு ஃப்ளெக்ஸ். அதே மேப், இன்னும் கொஞ்சம் நீலம்.

"இஞ்ஞாசியம்மா உன் மாமியாராமே தம்பி? சொல்லவே இல்ல. மூலை மனைக்கு அன்னைக்கே கையெழுத்துப் போடுறேன்னு சொல்லிருச்சு. கலெக்டர் கையால வாங்குற மாதிரி மேடைல வச்சு வாங்கிரலாம்."

அவர் போன பிறகு ராயப்பராஜ் ஃபைலைத் திறந்தான். நீலத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றினான். 'நாத்தம்' லேயரின் கண்ணை ஒரு தடவை திறந்து பார்த்தான். அழகாக இருந்தது. அவன் வரைந்ததிலேயே கோணல் இல்லாத மேப் அதுதான், அத்தனை கோணலும் சரியான இடத்தில் இருந்ததால். கண்ணை மூடினான். வாஜித் பாய் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "நீலம் தூக்கலா இருக்கு, சூப்பர், அனுப்பு" என்றார். அவர் திரையை மட்டும்தான் பார்ப்பார். லேயர் பட்டியலைப் பார்க்கத் தெரியாது.

ராயப்பராஜின் மௌஸ் அந்தச் சின்னப் பிரிண்டர் படத்தின் மேல் போய் நின்றது. அணைந்து கிடந்தது அது. கழுதை யாருக்கும் விழலாம். புதுசாகச் சேர்ந்தவனுக்கு விழும், தூக்கக் கலக்கத்தில் இருப்பவனுக்கு விழும், கல்யாண நினைப்பில் இருப்பவனுக்கும் விழும். ஒரு அழுத்து அழுத்தினான். பிரிண்டர் விழித்துக்கொண்டது. ஃபைல் பின்பக்க மெஷினுக்குப் போனது. மெஷின் கர்ர் கர்ரென்று துப்பியதைச் சுருட்டிக் கயிறு கட்டி, மலைச்சாமியின் ஆட்கள் பாயைப் போலத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசையில் இரண்டாவது ஓலை வாசித்தார்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்றார் சாமியார். ராயப்பராஜ் குனிந்து முழங்காலைப் பார்த்தான். பூசை முடிந்த கையோடு இஞ்ஞாசியம்மாள், திருப்பூரிலிருந்து வந்த களைப்பு தீராத மகளையும் இழுத்துக்கொண்டு வேனில் ஏறினாள். சிவனம்மாளும் மார்க்கெட்டில் இன்னும் நாலைந்து பேரும் வந்தார்கள். ராயப்பராஜ் பைக்கில் பின்னால் போனான்.

பந்தலுக்குள் புகை மண்டிக் கிடந்தது. ஐயர் ஒரு பக்கம் ஓமம் வளர்க்க, மலைச்சாமியின் ஆட்கள் மூலைக்கு மூலை சாம்பிராணியைக் கொட்டி விசிறிக்கொண்டிருந்தார்கள். கண் எரிந்தாலும் பரவாயில்லை, மூக்கு எதையும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்ற திட்டம் அதில் தெரிந்தது. அன்புக்கரசி மூலை மனையின் எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில், பந்தலுக்கு வெளியே ஒதுங்கி நின்றாள்.

"இப்ப நம்ம லேக் வியூ அவென்யூ வரைபடம்" என்று மைக்கில் சொன்னார் மலைச்சாமி. இரண்டு பேர் கயிற்றை அவிழ்த்து ஃப்ளெக்ஸை இழுத்தார்கள்.

மேலிருந்து கீழாக விரிந்தது. முதலில் தலைப்பு, பிறகு நத்தம் ரோடு, பிறகு தென்னை. பிறகு பழுப்பு. குளம் முழுக்கப் பழுப்பு. அதன் நடுவில் 'நாத்தக்குளம்' என்று கொட்டை எழுத்து. 'கோழிக் கழிவு கொட்டும் இடம்' என்று ஓர் அம்பு. 'காற்று இந்தப் பக்கம்' என்று இன்னோர் அம்பு. லேயர் வரிசையில் அன்னம் எல்லாவற்றுக்கும் மேலே இருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. அதே அரைக்கண்ணோடு அந்தப் பழுப்பில் மிதந்துகொண்டிருந்தது.

பின்வரிசையில் ஒருவர் வாசித்துக் காட்டினார். இன்னொருவர் சிரித்தார். மலைச்சாமி திரும்பிப் பார்த்தார். அவர் கழுத்தில் இருந்த சங்கிலி ஒரு தடவை ஏறி இறங்கியது. ராயப்பராஜ் தன் வேலை, தன் கல்யாணம் இரண்டையும் மனசுக்குள் ஒரு ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, வருவது வரட்டும் என்று நின்றான்.

மலைச்சாமி மைக்கை மறுபடி வாய்க்குக் கொண்டுபோனார்.

"பாத்துக்கங்க" என்றார் நிதானமாக. "எந்தப் புரோமோட்டராவது இப்படிப் போடுவானா? இருக்குறத இருக்குன்னு போட்டிருக்கேன். எங்க குப்பை கொட்டுறான், எங்கிட்டுக் காத்து அடிக்குது, எல்லாம் போட்டிருக்கேன். ஒளிவு மறைவு கிடையாது அப்பு. நாளைக்கு இதெல்லாம் கிளீன் பண்ணி உண்மையிலேயே லேக்கா மாத்துறது நம்ம பொறுப்பு. அதுக்குத்தான் அன்னம் போட்டிருக்கு."

கூட்டம் தலையாட்டியது. ராயப்பராஜ் அதை நம்ப முடியாமல் பார்த்தான். சிரித்தவரும் தலையாட்டினார். "மனுசன் நேர்மையான ஆளுய்யா" என்றது ஒரு குரல். கைதட்டல் கூட வந்தது. உண்மையை அச்சடித்துத் தொங்கவிட்டும், அது விளம்பரமாக மாறி அவன் மூஞ்சியிலேயே வந்து அப்பியது. ஊசின சட்னி தேவலை.

அதைவிட மோசம், இஞ்ஞாசியம்மாளும் தலையாட்டிக்கொண்டிருந்தாள். "பாத்தீகளா மாப்ள" என்றாள் அவன் பக்கம் திரும்பி. "உள்ளதச் சொல்றவன்கிட்டத்தான் எடம் வாங்கணும். நீங்க சொன்ன நாத்தத்தையும் மேப்புலயே போட்டுட்டாரு. எனக்கு மனசு நிறைஞ்சு போச்சு. எங்க கையெழுத்து?"

ஓமம் முடிந்து ஐயர் எழுந்தார். சாம்பிராணி விசிறியவன் பேச்சைக் கேட்கிற சுவாரசியத்தில் விசிறுவதை நிறுத்தியிருந்தான். புகை மெதுவாக விலகியது. காற்று, மேப்பில் போட்டிருந்த அம்பின்படியே, ஒரு இம்மி பிசகாமல் வந்தது.

எல்லைக் கல்லுக்குப் பக்கத்தில் அன்புக்கரசி வாயைப் பொத்தினாள். பொத்தின கையை எடுத்தாள். மூலை மனையின் ஈசானிய மூலையில் குனிந்து வாந்தி எடுத்தாள். நிறுத்தி மூச்சு வாங்கினாள், வாங்கின மூச்சு தந்த பலனால் மறுபடியும் எடுத்தாள்.

பந்தலே திரும்பிப் பார்த்தது. சிவனம்மாள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு, மார்க்கெட் முழுக்கக் கேட்கிற மாதிரி ரகசியமாகச் சொன்னாள்.

"ஏன்டி இஞ்ஞாசி, இன்னைக்கு ரெண்டாவது ஓலைதானே வாசிச்சாக?"

யாரோ களுக்கென்றார்கள். ராயப்பராஜின் முகம் பழுப்பாயிற்று. அவனுக்குத் தெரியாமல் அவன் அப்பனாக்கப்பட்டுக்கொண்டிருந்தான்.

இஞ்ஞாசியம்மாள் மகளைப் பார்த்தாள். சிவனம்மாளைப் பார்த்தாள். பந்தலில் இப்போது எல்லோர் கையும் மூக்குக்குப் போயிருப்பதைப் பார்த்தாள். ஒரு கணம்தான். அவளுடைய கையும் முந்தானையை இழுத்து மூக்கைப் பொத்தியது.

"உனக்கு மூக்கு செத்துப்போச்சா சிவனம்மா?" என்றாள். சத்தம் மைக் இல்லாமலே மேடைக்குப் போனது. "இம்புட்டு நாத்தத்துல நின்னா வாந்தி வராம, வரலட்சுமியா வரும்? கொடலப் புரட்டுது. செத்த கோழி வாடை ஒரு பக்கம், சாக்கடை வாடை ஒரு பக்கம். வேன விட்டு எறங்குனதுல இருந்து நானும் பல்லக் கடிச்சுக்கிட்டு நிக்கேன். பூவுக்குள்ளயே கெடந்த மூக்கு, எனக்குத் தாங்குமா?"

சிவனம்மாள் வாயை மூடிக்கொண்டாள். மூக்கு செத்தவள் என்ற பெயர் பூ மார்க்கெட்டில் யாருக்கும் வேண்டாம்.

"அம்மா, கையெழுத்து..." என்று பேனாவோடு வந்தார் மலைச்சாமி.

"எடத்த நீங்களே வச்சுக்கங்க அண்ணாச்சி. எம் மக மூச்சு விடணும். உண்மைய எழுதிப் போட்டா நாத்தம் போயிருமா?"

அவள் மகளைக் கைத்தாங்கலாக வேனுக்குக் கூட்டிப்போனாள். ராயப்பராஜைத் தாண்டும்போது முந்தானையைக் கொஞ்சம் விலக்கி, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில், "ரொம்பவா அடிக்குது மாப்ள?" என்றாள்.

"ரொம்ப அத்தை."

"ம்" என்று மறுபடியும் பொத்திக்கொண்டாள்.

வேனுக்குள் அன்புக்கரசி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக அவனைப் பார்த்தாள். "நீங்க ஃப்ளெக்ஸ் அடிச்சீங்க. நான் வாந்தி எடுத்தேன். எதுல வேலை நடந்துச்சுன்னு பாத்தீங்களா?"

பின்னால், மூக்கைப் பொத்தியபடியே வரிசையில் நின்று ஆட்கள் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 'நேர்மையான ஆளு' என்ற சொல் கைக்குட்டைகளுக்குள் இருந்து வந்துகொண்டிருந்தது.

திங்கட்கிழமை வாஜித் பாய் கண்ணாடித் தடுப்புக்குள் வந்து, ஏசிக்குக் கீழே நின்றார்.

"இத்தனை வருசத்துல உனக்குக் கழுதை விழுந்ததே இல்லையே ராயப்பா."

"விழுந்துருச்சு பாய்."

"விழுந்துச்சா, எறக்குனியா?"

ராயப்பராஜ் மௌஸை நகர்த்தி வைத்தான். வாஜித் பாய் அவனைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், அவருக்குப் புரியாத லேயர் பட்டியலையும் ஒரு தடவை பார்த்தார். "தவ்பா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அந்தப் பக்கம் மலைச்சாமியின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

மலைச்சாமி இனிப்போடு வந்தார். வாஜித் பாய்க்கு ஒன்று, ராயப்பராஜுக்கு இரண்டு.

"உன் மாமியார் மூலை மனையத் தவிர எல்லாம் போயிருச்சு தம்பி. அந்த மூலைய எவனும் கேக்க மாட்டேங்கறான், வாந்தி எடுத்த எடம்னு. போகட்டும். நான் வந்தது வேற வேலைக்கு. ஆயக்குடிப் பக்கம் ஒரு கொய்யாத் தோப்பு பேசியிருக்கேன். நல்ல தண்ணி, நல்ல காத்து, சுத்தமான எடம். அதான் பிரச்சினை."

"என்னண்ணே பிரச்சினை?"

"சுத்தமா இருக்குன்னு மேப்புல போட்டா எவன் நம்புவான்? ஓரமா ஒரு சாக்கடைய ஓடவிடு. ரொம்ப வேணாம், சின்னதா, நம்பிக்கை வர்ற அளவுக்கு. ஒரு அம்பும் போட்டுரு."

"அங்க சாக்கடையே இல்லையேண்ணே."

"லேக் மட்டும் இருந்துச்சா?"

ராயப்பராஜ் வாஜித் பாயைப் பார்த்தான். வாஜித் பாய் இனிப்பை மென்றுகொண்டு கூரையைப் பார்த்தார்.

"அன்னம்?" என்றான் ராயப்பராஜ்.

"அன்னம் இல்லாமயா?"

மூன்றாவது ஓலையும் வாசித்தார்கள். யாரும் தடை சொல்லவில்லை. மறுநாள் ராயப்பராஜ் ஆயக்குடி மேப்பை எடுத்தான். வழக்கம்போல முதலில் உள்ளதை வரைந்தான். ஒரு ரோடு, ஒரு தோப்பு, அவ்வளவுதான். அந்த லேயரின் கண்ணை மூடினான், பிரிண்டரை அணைத்தான். பிறகு பழுப்பை எடுத்துச் சாக்கடையைத் தொடங்கினான். எந்தப் பக்கம் வளைத்தாலும் அழகாக வந்தது. அதுதான் குமட்டியது. அன்னத்தைக் கூப்பிட்டான். ஓடி வந்து உட்கார்ந்தது.